கோபத்துக்கு ஒரு சம்மதபத்திரம்

சங்கநாதம் இசைத்தட்டுக் கம்பெனிக்கு அந்த வருஷம் கோபம் தேவைப்பட்டது. எழுபத்தெட்டாம் வருஷம். சீமையில் சட்டையைக் கிழித்துக்கொண்டு மூன்றே சுரத்தில் கத்துகிற பையன்களின் தட்டுகள் சுடச்சுட விற்பதாகப் பம்பாய்த் தலைமை அலுவலகத்துக்குத் தகவல் வந்திருந்தது. உடனே எல்லாக் கிளைகளுக்கும் சுற்றறிக்கை பறந்தது. ஒவ்வொரு மொழியிலும் கோபமான வாலிபர்களைக் கண்டுபிடித்துத் தீபாவளி விற்பனைக்குள் கடைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது உத்தரவு. சென்னைக் கிளையின் கையிருப்பில் பக்தி இருந்தது, காதல் இருந்தது, தாலாட்டுகூடத் தாராளமாக இருந்தது. கோபம் மட்டும் இல்லை.

அதைத் தேடிப் பிடிக்கிற பொறுப்பு கலை நிர்வாகி பூவராகனுக்கு வந்தது. அவர் மதுரையில் தேடினார், கோயமுத்தூரில் தேடினார். போன இடமெல்லாம் வாலிபர்கள் அவரிடம் வேலை கேட்டார்களே தவிர ஒருவரும் கோபப்படவில்லை. அலுத்துப்போய், கம்பெனிச் செலவில் தேக்கடியில் குடும்பத்தோடு படகு விடலாம் என்று மலையேறி வந்தார். அங்கேதான், குமுளி பஸ் நிலையத்துக்குப் பின்னால், மாதா கோயில் திருவிழா மேடையில் மூன்று பையன்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். பூவராகன் காதைப் பொத்திக்கொண்டார். காதைப் பொத்தவேண்டியிருந்ததால் இதுதான் சரக்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்தக் குழுவின் பேர் ஒன்பதாம் லயம். கரடிப்பாறை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிற ஜனங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் ஒன்றுக்கு அந்தப் பேர். பாடுகிறவன் ராக்கப்பன், தேயிலைப் பெட்டிக்கு ஆணி அடிப்பவன். கிடார் சுவக்கீன். கோயில் பாடகர் குழுவில் இவனுடைய வேகத்துக்கு மற்றவர்கள் ஈடுகொடுக்க முடியாமல் பங்குச்சாமியார் இவனைக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். கொட்டு அப்பாஸ், குமுளிக் கடைவீதி ஏலக்காய் வியாபாரியின் மகன். மூவருக்கும் சேர்த்தே சுரம் மூன்றுதான் தெரியும். அது வெளியே தெரியாமல் இருக்கத்தான் அப்படி ஓட்டமாக ஓடினார்கள். ஒரு பீடி பற்றவைத்து முடிவதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

அவர்களுடைய பாட்டுகளில் ஒன்றுக்குத்தான் மலை முழுக்க மவுசு. அதன் கதை இதுதான். ராக்கப்பன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் சின்னத்தாய் என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, வாய் உண்டு. ஒரு மழைநாள், கொழுந்து நிறுக்கிற கொட்டகையில், கணக்கப்பிள்ளை சங்கையா அவள் கூடையைத் தராசில் வைத்து, கொழுந்தில் ஈரம் என்று சொல்லி வழக்கத்துக்கு மேலேயே எடையைக் கழித்தார். மழைக் காலத்தில் எல்லாப் பெண்களுக்கும் கழிப்பதுதான், எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டு போவதுதான். சின்னத்தாய் போகவில்லை. கூடையை அவர் காலடியில் கவிழ்த்துவிட்டு, "தண்ணி ஒங்களுதுன்னா பிழிஞ்சு எடுத்துக்கிடுங்க. என் கொழுந்தைக் குடுங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே பாட்டு தயார்.

சின்னத்தாயி பறிச்ச கொழுந்து சீமைக்குப் போகுது
சங்கையா தராசுல ஏறுனா சருகாப் போகுது
மழைக்குக் கொஞ்சம் கழி, பனிக்குக் கொஞ்சம் கழி
மிச்சத்த என்ன பண்ண, அதையும் சேத்துக் கழி

கடைசியில் கூட்டமாகக் "கழி, கழி, கழி" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். அவ்வளவுதான் பாட்டு. ஆனால் சங்கையா எடையைக் குறைக்கக் கை நீட்டும்போதெல்லாம் வரிசையில் எங்கேயோ ஒருத்தி "கழி" என்பாள், இன்னொருத்தி வாங்கிக்கொள்வாள், கொட்டகையே கத்தும். மனுஷன் மிரண்டுபோனார். அந்த மழைக்காலம் கழிவு பாதியாகக் குறைந்தது. சின்னத்தாய் தலைநிமிர்ந்து நடந்தாள். ஒரு பாட்டால் இத்தனை ஆகும் என்று ராக்கப்பனே நினைத்திருக்கவில்லை.

பூவராகன் மூவரையும் தன் விடுதிக்கு வரவழைத்துக் காபி கொடுத்தார். "எங்களுக்கு உங்கள் கோபம் அப்படியே வேண்டும். ஒரு சொட்டுக்கூடக் குறையக் கூடாது" என்றார். பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, "ஆனால் அது யார் மேலும் இருக்கக் கூடாது" என்று சேர்த்துக்கொண்டார்.

"யாரு மேலயும் இல்லாம எப்பிடி சார் கோவம் வரும்?" என்றான் சுவக்கீன்.

"வரும். பழக்கம்தான். கம்பெனியில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் இருக்கிறோம்."

பிறகு விஷயத்தை விளக்கினார். கம்பெனியின் சட்டப் பிரிவு என்பது ஒன்று உண்டு. பாட்டில் பேர் வருகிற, அல்லது மனம் புண்படக்கூடிய, பதவியில் உள்ள ஒவ்வொருவரிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். வாங்கவேண்டியவர் பாடகர். கேரளத்துச் சட்டப்படி அதற்குச் சம்மதபத்திரம் என்று பேர். அச்சடித்த தாள்களை ஒரு கட்டாக எடுத்து ராக்கப்பனிடம் கொடுத்தார். யாரைத் திட்டிப் பாடினானோ அவரிடமே போய், திட்டுவதற்கு அனுமதி கேட்டு ஒப்பு, அதாவது கையெழுத்து, வாங்கி வர வேண்டும்.

இதைக் கேட்டு அப்பாஸ் சிரித்துவிட்டான். ராக்கப்பன் சிரிக்கவில்லை. அவன் ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லியிருந்தான். கம்பம் பஸ்ஸில் கண்டக்டர் அவனிடம் டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறுத்திருந்தார். தட்டின் உறைக்கு இரவல் கோட்டில் படம் எடுத்தாகிவிட்டது.

முதலில் சங்கையா வீட்டுக்குப் போனான். திண்டாட்டம் என்றால் அப்படி ஒரு திண்டாட்டம். கொட்டகையில் நூறு பேர் நடுவில் அவர் முகத்துக்கு நேரே கத்தியவன், அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சங்கையா தாளை இரண்டு முறை படித்தார்.

"பாட்டுல எம் பேரு வாரதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லப்பா. ஆனா மகளுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கேன். தட்டு கம்பம், தேனின்னு எல்லாம் போகும்ங்கிற. அதுக்குத் தக்கன இருக்கணும்ல? சருகாப் போகுதுங்கிறத எடுத்துட்டு, சரியாப் போகுதுன்னு வச்சுக்க. மெட்டு கெடாது. நான் பாடிப் பாத்துட்டேன்."

பாடியும் காட்டினார். மெட்டு கெடவில்லை. ராக்கப்பன் ஒப்பு வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றிங்கய்யா" என்று சொல்லிவிட்டு வந்தான். எதற்கு நன்றி சொன்னோம் என்று வழியெல்லாம் கூசிக்கொண்டே வந்தான்.

அடுத்தது மேனேஜர். எஸ்டேட்டில் தொரை என்றுதான் பேச்சு, மலையாளம் கலந்து தமிழ் பேசும் கோட்டயத்துக்காரர். பங்களா வராந்தாவில் பாட்டைத் தாளில் எழுதித் தரச் சொல்லிப் படித்துப் பார்த்தார்.

"எனக்குப் பாட்டு பெரிய இஷ்டமாணு. பக்ஷே ஒரு காரியம். மழைன்னு பாடினால் நம்ம கொழுந்து நனைஞ்ச கொழுந்துன்னு கொச்சியில ஏலம் எடுக்கிறவன் நினைக்கும். மழை வேண்டா. காத்துன்னு மாத்து. இளங்காத்து."

"இளங்காத்துக்கு எடை கழிக்க மாட்டாங்களே தொரை?"

"அப்ப அந்தக் கழிக்கிற வரியும் வேண்டா" என்று சொல்லி, பேனாவைத் திறந்து ஒப்பு போட்டார். இத்தனை சுலபமாக ஒரு வேலை முடிந்ததில் அவருக்கே சந்தோஷம்.

தொழிற்சங்கத் தலைவர் செல்லத்துரையிடம் போகும்போது ராக்கப்பனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நம்ம ஆள், பாட்டைக் காப்பாற்றுவார் என்று நினைத்தான். தலைவர் அவனை உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, நெடுநேரம் பேசினார்.

"தம்பி, பாட்டு நல்ல பாட்டு. தப்பு என்னன்னா, கழி கழின்னு எல்லாருமாச் சேந்து கத்துறீங்க பாரு, அது கோஷம். கோஷம்னா கமிட்டியில வச்சுத் தீர்மானம் போடணும். தொழிலாளி அவனாக் கத்தி, அவனாக் கழிவையும் கொறச்சுக்கிட்டா, அப்புறம் சங்கம்னு ஒண்ணு எதுக்கு? நான் எதுக்கு? கழிவு கொறஞ்சதுல எனக்கு ரொம்ப வருத்தம். தொழிலாளிக மேல உள்ள அக்கறையில சொல்றேன்."

"அப்ப அதையும் எடுத்துரவா தலைவரே?"

"எடுத்துரு. அடுத்த மகாநாட்டுல நாமளே முறையா எழுப்புவோம்."

எல்லா ஒப்பும் வாங்கியாகிவிட்டது. பூவராகன் தாள்களை எண்ணிப் பார்த்து முதுகில் தட்டிக்கொடுத்தார். பாட்டில் மிச்சம் இருந்தது சின்னத்தாயி என்ற பேரும் சங்கையாவின் சரியான தராசும் காற்றும்தான்.

ஆடி மாத மழையில் கம்பெனியின் ஒலிப்பதிவு வண்டி மலையேறியது. மலையின் இயல்பான ஓசை வேண்டும் என்றுதான் அத்தனை கருவிகளையும் எஸ்டேட் கிளப்புக்குச் சுமந்து வந்தார்கள். வந்து பார்த்தால், ஆடியில் மலையின் இயல்பான ஓசை தகரக் கூரையில் மழை. ஒலிப்பதிவாளர் அது பாட்டைக் கெடுக்கிறது என்றார். ஜன்னலுக்கெல்லாம் கம்பளி தொங்கவிட்டார்கள், கூரை மேல் சாக்கு விரித்தார்கள். கடைசியில் மழை விடட்டும் என்று எல்லாரும் சீட்டு ஆடிக்கொண்டு காத்திருந்தார்கள். மழையிடம் சம்மதபத்திரம் வாங்க வழியில்லாததால் அது தன்பாட்டுக்குப் பெய்தது.

அடுத்த சிக்கல் நேரம். ஒன்பதாம் லயத்தின் பாட்டுகள் எல்லாவற்றையும் வரிசையாக வாசித்தாலும் பெரிய தட்டின் ஒரு பக்கம்கூட நிறையவில்லை. "அப்போ இன்னும் பாட்டு கட்டுறோம் சார்" என்றான் அப்பாஸ். பூவராகன் வேண்டாம் என்றார். புதுப் பாட்டு என்றால் புதுச் சம்மதபத்திரம். இருக்கிற பாட்டுகளையே நிதானமாகப் பாடினால் போதும். நிதானத்துக்கு என்று சென்னையிலிருந்து வயலின்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். கிடார் அவர்களுக்கு இடைஞ்சலாக இருந்ததால் சுவக்கீனை உள்ளே வரவேண்டாம் என்றார்கள். அப்பாஸின் கொட்டுமேளத்தை எடுத்துவிட்டு அவன் கையில் ஒரு சின்ன மணியைக் கொடுத்து, சைகை காட்டும்போது ஒரு தரம் தட்டச் சொன்னார்கள். குழுவின் பேரையும் மலைச்சாரல் மெல்லிசைக் குழு என்று மாற்றியிருந்தார்கள்.

சுவக்கீன் கிடாரை உரச்சாக்கில் சுற்றிக்கொண்டு எழுந்தான். "நீ வாரியா ராக்கு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். ராக்கப்பன் கம்பளி தொங்கிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுவக்கீன் மழையில் இறங்கிப் போய்விட்டான்.

பிறகுதான் பூவராகன் புதிய வரிகளை எடுத்தார். பாட்டு ரொம்பச் சப்பென்று ஆகிவிட்டதாகத் தலைமை அலுவலகம் நினைத்ததாம். ஒப்பந்தத்தில் கேலிப் பாடல் என்று இருக்கிறது, ஆகவே யாரையாவது கேலி செய்தே தீர வேண்டும். கம்பெனிக் கவிஞர் சென்னையில் உட்கார்ந்து எழுதி அனுப்பியிருந்தார்.

சின்னத்தாயி கூடைக்குள்ள சின்னக் கல்லு கிடக்குது
சிரிச்ச முகம் மாறாமலே தராசு அதைப் பொறுக்குது

ராக்கப்பன் தாளைக் கீழே வைத்தான். "சார், அந்தக்கா எடை கூட்டக் கூடையில கல்லு போட்டதில்ல சார்" என்றான்.

"போட்டதாக நாம் சொல்லவில்லையே. கிடக்கிறது என்றுதானே சொல்கிறோம்."

"அவங்க பேரு இருக்கே சார். அவங்ககிட்ட ஒப்பு வாங்கலியே."

பூவராகன் அவனைக் கனிவோடு பார்த்தார். "நல்ல கேள்வி. சட்டப் பிரிவில் விசாரித்துவிட்டேன். அந்த அம்மாள் எந்தப் பதவியிலும் இல்லை. மானநஷ்டம் என்றால் முதலில் மானம் என்று ஒன்று இருந்து, அது நஷ்டப்பட வேண்டும். சட்டத்தில் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தனிப்பட்ட முறையில் எனக்கு ஏழைகள் என்றால் உயிர். தட்டுக்கு 'மலையின் புன்னகை' என்று பேர் வைத்ததே நான்தான்."

மாட்டேன் என்ற சொல் ராக்கப்பனுக்குத் தொண்டை வரை வந்தது. வயலின்காரர்கள் வில்லைத் தூக்கியபடி அவனையே பார்த்தார்கள். அவன் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டுப் பாடினான். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நன்றாகப் பாடினான். அவன் ஆயுசில் அத்தனை சுருதியோடு பாடியதே இல்லை. ஒலிப்பதிவாளர் ஒரே தடவையில் முடிந்தது என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ராக்கப்பன் வெளியே வந்து, லயத்துக்கு நேர்வழியில் போகாமல், சின்னத்தாய் வீட்டு வாசல் கண்ணில் படாதபடி ஃபேக்டரியைச் சுற்றிக்கொண்டு போனான்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வெளியீட்டு விழா. ஆட்களுக்குக் காலையில் வேலை பிரித்துக்கொடுக்கிற பெரட்டுக் களத்திலேயே பந்தல் போட்டார்கள். தொரை, சங்கையா, செல்லத்துரை மூவருக்கும் மேடையில் நாற்காலி. எஸ்டேட் ஜனங்கள் தரையில். சின்னத்தாய் பெண்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், மஞ்சள் புடவை கட்டி, தலையில் பூ வைத்து. தன் பேர் தட்டில் வருகிறது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். புருஷன் செத்த பிறகு அவள் பூ வைத்து ராக்கப்பன் பார்த்ததில்லை.

பூவராகன் பேசினார். "கோபம் என்பது ஒரு காட்டாறு. அதற்கு அணை கட்டி, வடிகட்டி, காய்ச்சி, ஆறவைத்து, குழந்தைகளும் குடிக்கும்படி கொடுப்பதே எங்கள் கம்பெனியின் சேவை. இந்தத் தட்டினால் ஒருவர்கூட மனம் புண்படவில்லை என்பதற்கு என்னிடம் எழுத்துமூலமான ஆதாரம் இருக்கிறது." தொரை பேசினார். இப்படியொரு பாட்டு தன் எஸ்டேட்டிலிருந்து போவதில் தனக்குப் பெருமை என்றார். செல்லத்துரை, இது தொழிலாளி வர்க்கத்தின் வெற்றி என்றும் அதைச் சங்கம் பெற்றுத் தந்தது என்றும் சொன்னார்.

பிறகு ஒலிபெருக்கியில் தட்டைப் போட்டார்கள்.

வயலின்கள் இழைந்தன. பெண்கள் பொறுத்துப் பார்த்தார்கள். தெரிந்த மெட்டு மாதிரி ஏதோ ஒன்று, காய்ச்சலில் எழுந்து நடக்கிற மாதிரி, மெல்ல மெல்ல வந்தது. "கழி" வருகிற இடம் நெருங்கியது. பெண்கள் எல்லாரும் ஒன்றாக மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்கள். அந்த இடத்தில் அப்பாஸின் மணி ஒரு தரம் அடித்தது. திறந்த வாயோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கப்புறம் கல்லு வரி வந்தது.

மேடையில் சங்கையா முதலில் சிரித்தார். தொரைக்கு அர்த்தம் சொன்னார்கள், அவரும் சிரித்தார். ஆண்கள் பக்கத்தில் சில பேர் சிரித்தார்கள். பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பிச் சின்னத்தாயைப் பார்த்தார்கள். அவள் நேராக ராக்கப்பனைப் பார்த்தாள். அவன் மேடை ஓரத்தில் இரவல் கோட்டில், மாலையும் கழுத்துமாக நின்றான். மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ள முடிந்தால் புதைத்திருப்பான்.

பூவராகன் சின்னத்தாயை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார். "இந்தப் பாட்டின் கதாநாயகி" என்றார். அவள் மைக்கைப் பார்த்தாள், அது தனக்காக வைத்தது இல்லை என்று தெரிந்தும் அதன் பக்கத்தில் போனாள்.

"கல்லு கெடந்ததை யாரு பாத்தது?" என்றாள்.

பூவராகன் கை தட்டினார். "எவ்வளவு நகைச்சுவை உணர்வு பாருங்கள்" என்றார். எல்லாரும் தட்டினார்கள். ராக்கப்பனின் கையும் இரண்டு தரம் தட்டிவிட்டு நின்றது.

மறுநாள் கொட்டகையில் சங்கையா எல்லாப் பெண்களுடைய கூடையையும் தராசில் வைத்தார். சின்னத்தாயின் முறை வந்தபோது கூடையைத் தரையில் கவிழ்த்து, காலால் கொழுந்தைக் கிளறிக் கல் தேடினார். கல் இல்லை. "இன்னிக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு நிறுத்தார். கழிவும் பழையபடி ஆனது. வரிசையில் யாரும் கத்தவில்லை. அந்தப் பாட்டு இப்போது கம்பெனியுடையது, கத்தினால் கேஸாகும் என்று செல்லத்துரை சொல்லியிருந்தார்.

தட்டு என்னவோ நன்றாகத்தான் போயிற்று. வண்டன்மேட்டு ஏலக்காய் ஏலத்துக்கு வந்தவர்கள் வாங்கிப் போனார்கள், கேசட்டில் பதிந்து கம்பம் பஸ்ஸிலும் போட்டார்கள். பஸ்ஸில் சின்னத்தாய் ஏறினால் கண்டக்டர், "அக்கா, கூடைய இங்க வச்சிராத, வண்டி சாஞ்சிரும்" என்றான். ராக்கப்பன் பஸ்ஸில் போவதையே விட்டுவிட்டான். கோபத்தின் இரண்டாம் பாகத்துக்குத் தயாராகும்படி பூவராகனிடமிருந்து தாக்கீது வந்தது. சுவக்கீன் அவனைக் கண்டால் பாதை மாறினான்.

கார்த்திகையில் ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பும் நேரம், சின்னத்தாய் அவன் வாசலில் வந்து நின்றாள். கூடை முதுகில் இருந்தது. திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து அவன் குனிந்துகொண்டான். திட்டினால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவள் திட்டவில்லை.

"ராக்கு, சங்கையா வீட்டுக்குப் போனியாம். தொரை பங்களாவுக்குப் போனியாம். தலைவர் வீட்டுல தேத்தண்ணி குடிச்சியாம். நல்லது. என் வீடு செவுத்துக்கு அந்தப் பக்கந்தானே."

அவன் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

"சரி, அது போகட்டும். எம் பேரை அதுலருந்து எடுக்கணும்னா யாருகிட்ட ஒப்பு வாங்கணும்? நீ அலைஞ்சவன், ஒனக்குத் தெரியும்னுதான் கேக்கேன். சொன்னா நானே போயி வாங்கிட்டு வாரேன்."

அவள் நிஜமாகத்தான் கேட்டாள். ராக்கப்பன் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"கம்பெனிக்கு முறைப்படி எழுதிப் பாக்கிறேன் அக்கா" என்றான். "தப்பா எடுத்துக்கிடாதீங்க. கொஞ்சம் நாளாகும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று அவனுக்கு உறைத்தது. சின்னத்தாய் சரி என்று தலையாட்டினாள். அந்த மாதிரிப் பதிலுக்குத் தலையாட்டி அவளுக்குப் பழக்கம் உண்டு. கூடையைச் சரிசெய்துகொண்டு களத்தைப் பார்த்து நடந்தாள்.